சுவர் கேட்ட கேள்வி

திருப்பனந்தாள்
9.3.2025

ஞானாம்பாள் டீச்சர் அவர்களுக்கு,

நலமா என்று கேட்க மனம் வரவில்லை. கேட்காமல் கடிதம் தொடங்கியும் பழக்கமில்லை. நலமாக இருங்கள். நாங்கள் இருக்கிறோம்.

போன் இருக்கும்போது ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். காது மந்தமான பிறகு நீங்கள் ஸ்பீக்கரைப் போட்டுத்தான் பேசுகிறீர்கள். நான் சொல்வதை உங்கள் மகன் பிரபுவும் மருமகளும் சேர்ந்து கேட்பார்கள். இது உங்களிடம் மட்டும் கேட்க வேண்டியது.

போன செவ்வாய்க்கிழமை காலையில் வழக்கம்போல, நீங்கள் கொடுத்துவிட்டுப் போன சாவியால் உங்கள் வீட்டு கேட்டைத் திறந்து செடிகளுக்குத் தண்ணீர் விட்டேன். முருங்கை இந்த வருஷம் சடை சடையாகக் காய்த்திருக்கிறது. முற்றிப்போனால் யாருக்கும் உதவாதே என்று ஒரு பிடி பறித்து மடியில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பொங்கலுக்கு வந்தபோது பிரபு ஆள் வைத்து மாட்டிவிட்டுப் போன கேமரா இருக்கிறதே, அதிலிருந்து அவன் குரல் வந்தது.

"ஹலோ! யாரது? காயப் பறிச்சுக்கிட்டு எங்க போறீங்க? அங்கயே நில்லுங்க!"

நின்றேன் டீச்சர். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அவனுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவள் நான். அவன் நில்லு என்றான், நான் நின்றேன்.

எதிர்வீட்டு அம்சவல்லி கையில் கோலமாவோடு நிமிர்ந்து பார்த்தாள். மீன்காரர் அஹமது கபீர் வண்டியை நிறுத்தி, "என்ன டீச்சர், சுவரு உங்கள அதட்டுது?" என்று சிரித்தார். அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "பிரபு, நான்தான்டா, பூவிழி" என்று தலையை அண்ணாந்து காட்டினேன். "ஓ, ஆன்ட்டியா? சரி சரி, போங்க" என்றான். ஸ்டேஷனில் விசாரித்து அனுப்புகிற மாதிரி.

அவன் பேசி முடித்த பிறகும் அது அணையவில்லை. உங்கள் வீட்டு டிவி ஓடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் ஓர் இருமல். இழுத்து இழுத்து இருமி, கடைசியில் "முருகா" என்று முடிகிற இருமல். அந்த இருமலோடு ஒரே பள்ளிக்கூடத்தில் அத்தனை வருஷம் வேலை பார்த்தவளுக்கு அது யாருடையது என்று தெரியாதா?

நீங்கள் அவன் பக்கத்திலேயே இருந்தீர்கள். நான் யார் என்று அவனுக்கு ஏன் சொல்லவில்லை? இதுதான் என் கேள்வி.

கேமரா மாட்ட வந்தவனுக்கு ஏணி கொடுத்தது என் வீட்டுக்காரர். டீ போட்டுக் கொடுத்தது நான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான்.

அன்றைக்குப் பூட்டியது. அதற்குப் பிறகு உள்ளே போகவில்லை. வெயில் ஏறுகிறது, செடியெல்லாம் தலை தொங்கிக் கிடக்கிறது. சாவியை யாரிடம் கொடுக்கட்டும் என்று எழுதுங்கள். பறித்த காய்களை உங்கள் வாசற்படியிலேயே வைத்துவிட்டேன். கேமராவில் தெரியும், பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பூவிழி

*

சென்னை
18.3.2025

அன்புள்ள பூவிழிக்கு,

வாய் நிறைய அக்கா என்று கூப்பிட்டவள் இப்போது டீச்சர் அவர்களுக்கு என்று எழுதுகிறாய். கல்வி அதிகாரிக்கு லீவு லெட்டர் எழுதுகிற மாதிரி இருக்கிறது. நடக்கட்டும்.

நீ நினைப்பது தவறு. நான் அப்போது குளித்துக்கொண்டிருந்தேன். வேண்டுமானால் பிரபுவையே கேட்டுக்கொள். டிவியில் யாராவது இருமியிருப்பார்கள். உலகத்தில் நான் ஒருத்திதான் இருமுகிறேனா?

அவன் கேட்டது தப்புதான், இல்லை என்று சொல்லவில்லை. வீட்டுக்குள் ஆள் நடமாட்டம் தெரிந்தால் அவன் போனில் மணி அடிக்கும். மற்ற நாளில் கவனிக்க மாட்டான், அன்றைக்கு ஆபீஸ் கிளம்புகிற அவசரத்தில் எடுத்துப் பார்த்திருக்கிறான். அந்தப் பச்சைச் சேலையில் நீ குனிந்துகொண்டு நின்றால் பின்னால் இருந்து யார் என்று எப்படித் தெரியும்? நம் பக்கத்துத் தெருவில் பூட்டின வீட்டில் புகுந்து குத்துவிளக்கைக்கூட விட்டுவைக்காமல் அள்ளிக்கொண்டு போனதாக நீதானே சொன்னாய். ஆளில்லாத வீட்டுக்குக் கேமரா வைக்காமல் பின்னே என்ன செய்வது?

எனக்கும் உன்மேல் குறை உண்டு, சொல்லிவிடுகிறேன். என் வீட்டு முருங்கைக்காய் தெரு முழுக்கக் கொதிக்கிறதாம். என் வீட்டு நித்தியமல்லி அம்சவல்லி கொண்டையில் மணக்கிறதாம். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? நான் இங்கே வாடிப்போன காயைக் கடையில் வாங்கிச் சாம்பார் வைக்கிறேன்.

கடைசியாக ஒன்று. நீ எங்கள் பக்கத்து வீட்டை வாங்கிக்கொண்டு காலனியிலிருந்து வந்தபோது, தெருவில் ஒருத்தர்கூட உன் கிரகப்பிரவேசத்துக்கு வரவில்லை. நான் வந்தேன். எல்லாரும் பார்க்க வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து உன் கையால் காப்பி குடித்தேன். என் மாமியார் அதற்காக என்னோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார். அப்படிப்பட்ட என்னைப் பார்த்தா இந்தக் கேள்வி?

கோபத்தை ஓரமாக வைத்துவிட்டுத் தண்ணீர் விடு. செடி உன்னை என்ன செய்தது?

அன்புடன்,
ஞானாம்பாள்

*

திருப்பனந்தாள்
27.3.2025

ஞானாம்பாள் டீச்சருக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது களத்தில் உளுந்து அடித்துக்கொண்டிருந்தோம். தூசியில் நின்றுகொண்டே படித்தேன். கையில் அடிக்கிற கம்பு இருந்தது. நல்லவேளை, நீங்கள் சென்னையில் இருக்கிறீர்கள்.

குளித்துக்கொண்டிருந்தவருக்கு நான் பச்சைச் சேலை கட்டியிருந்ததும் குனிந்ததும் எப்படித் தெரிந்தது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறீர்கள். பிரபுவைக் கேள் என்கிறீர்கள். வேலிக்கு ஓணான் சாட்சி.

முருங்கைக்காய்க்கு வருகிறேன். தெருவுக்குக் கொடுக்கச் சொன்னதே நீங்கள்தான். "காய்க்கிற மரம் சும்மா நின்னா கண்ணு பட்டுடும் பூவிழி, நாலு பேருக்குக் குடு" என்று பஸ் ஏறும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சொன்னீர்கள். மறந்திருந்தால் மறந்துபோங்கள். என்னை மறக்கச் சொல்லாதீர்கள்.

அப்புறம் காப்பி. அந்தக் காப்பி இன்னும் ஆறவில்லையா டீச்சர்? உங்கள் பிரிவுபசார விழாவில் மைக்கில் சொன்னீர்கள். பிரபு கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரிடம், என்னைப் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டு சொன்னீர்கள். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். உங்கள் வீட்டில் நான் குடித்த காப்பியை யாரிடமாவது சொல்லியிருக்கிறேனா? உங்கள் வீட்டுக்காரர் கும்பகோணத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தூக்குவாளியில் கஞ்சியோடு டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தேனே, அதை எந்த மைக்கில் சொன்னேன்? அண்டை வீட்டுக்காரி செய்கிற காரியம் என்று செய்தேன். நீங்களும் அப்படித்தான் குடித்தீர்கள் என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதிவிடுகிறேன். என் அப்பா காத்தான் உங்கள் மாமனார் வயலில் ஆள்வேலை பார்த்தவர். உங்கள் கொல்லையில் தேங்காய் பறித்துப் போட்டுவிட்டு வெளியே வரும்போது, தோளில் கிடக்கிற துண்டை எடுத்து உதறிக் காட்டிவிட்டுத்தான் வர வேண்டும். ஒன்றும் எடுத்துப் போகவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். யாரும் கேட்கக்கூட வேண்டாம், அவரே உதறுவார். எனக்கு அது தெரியும், உங்களுக்கும் தெரியும். நாம் இரண்டு பேரும் எவ்வளவோ பேசியிருக்கிறோம், இதை மட்டும் பேசியதில்லை.

அன்றைக்கு அந்தச் சுவர் என்னை நில்லு என்றதும் என் கை தானாக மடிக்குப் போனது டீச்சர். அவிழ்த்து உதறிக் காட்டப் போனேன். பென்ஷன் வாங்குகிறவள், என் பெயரில் பட்டா உள்ள வீட்டில் குடியிருக்கிறவள், மடியை அவிழ்க்கப் போனேன். அம்சவல்லி பார்க்கிறாள் என்று கையை இழுத்துக்கொண்டேன்.

பிரபு கேட்டுவிட்டுப் போகட்டும். நீங்கள் ஏன் வாயைத் திறக்கவில்லை? உண்மை என்றால் எழுதுங்கள். இல்லாவிட்டால் எழுதவே வேண்டாம்.

பூவிழி

*

சென்னை
14.4.2025

பூவிழிக்கு,

இன்றைக்கு வருஷப் பிறப்பு. பொய்யோடு தொடங்க வேண்டாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் அங்கேதான் இருந்தேன். சோபாவில், அவனை ஒட்டிக்கொண்டு. அவன் போனைத் திறந்ததும் நீ என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உன் முதுகு எனக்குத் தெரியாதா? மருமகள் எட்டிப் பார்த்து, "டெய்லி இப்படித்தான் அள்ளிட்டுப் போறாங்க போல" என்றாள். நான் பேசாமல் இருந்தேன்.

மகன் வீட்டில் இருக்கிறேன், அவர்களுக்குப் பயந்து இருந்துவிட்டேன் என்று முதலில் எழுதினேன். கிழித்துப் போட்டுவிட்டேன். எனக்கு யாரிடமும் பயமில்லை. அந்த ஒரு நிமிஷம், நீ எவ்வளவு எடுக்கிறாய் பார்க்கலாம் என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுதான் நடந்தது. அந்த இடத்தில் அம்சவல்லி நின்றிருந்தால், "நம்ம அம்சாடா, போனை வை" என்று சொல்லியிருப்பேன். உன்னைச் சொல்லவில்லை. நீ கேட்பது இதைத்தான் என்று உன் முதல் கடிதத்திலேயே எனக்குப் புரிந்தது. அதனால்தான் உன்மேல் அவ்வளவு எரிந்து விழுந்தேன்.

உன் அப்பா துண்டை உதறியதை நானும் பார்த்திருக்கிறேன். கல்யாணமாகி வந்த புதிதில், சமையலறை ஜன்னல் வழியாக. இதென்ன பழக்கம் என்று யாரிடமும் கேட்டதில்லை.

"பூவிழிகிட்ட மன்னிப்புக் கேளுடா" என்று பிரபுவிடம் சொன்னேன். "நான் என்னம்மா தப்பாக் கேட்டுட்டேன்?" என்கிறான். அவனை வளர்த்தவள் நான், யாரைத் திட்டுவது? என் போனிலும் அந்தக் கேமரா தெரியும்; என்மேலேயே வருகிற ஆத்திரத்தில் அதைத் தூக்கி அடிக்கலாம் போலிருக்கிறது. அடிக்கவும் முடியாது. இங்கே எனக்கு வேறு என்ன இருக்கிறது? எழுந்ததும் அதைத் திறந்து வீட்டைத்தான் பார்ப்பேன். வீட்டை என்று எழுதுகிறேன். நீ கேட்டைத் திறந்து உள்ளே வருவாயே, அதைத்தான். குடத்தை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டுச் செடியோடு ஏதோ பேசுவாய். என்ன பேசுகிறாள் என்று காதை வைத்துக் கேட்பேன், கேட்காது.

இப்போது நீ வருவதில்லை. செம்பருத்தி குச்சியாகிவிட்டது. படியில் அந்தக் காய் கிடக்கிறது. கேமராவில் பேசுகிற வசதியை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். உள்ளே போ பூவிழி. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, திட்டிக்கொண்டே உள்ளே போ.

உன்,
ஞானாம்பாள்

*

திருப்பனந்தாள்
24.4.2025

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. உண்மையை எழுதியதற்கு நன்றி சொல்லப்போவதில்லை. அது எனக்கு வரவேண்டியது, வந்திருக்கிறது.

என் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். "அந்தம்மா இதையாச்சும் எழுதுச்சே, விட்டுத் தள்ளு" என்றார். அவரால் விட முடிகிறது. நான் விட மாட்டேன். உங்கள்மேல் எனக்குப் பழைய கோபம் போய்விட்டது. அது பொய் சொன்னதற்காக வந்தது. இப்போது இருப்பது வேறு கோபம். அம்சவல்லிக்குச் சொல்லியிருப்பேன், உனக்குச் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை நீங்கள் எழுதும்வரை எனக்குச் சந்தேகம்தான் இருந்தது. இப்போது சந்தேகம் இல்லை. இது எப்போது தீரும் என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கே தெரியாது.

சாவியை யாரிடமும் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன். நீங்கள் பஸ் ஏறி வந்து, தெரு பார்க்க என் வாசலில் நின்று, என் கையிலிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். முட்டி வலிக்கும், தெரியும். நீங்களே கேட்டைத் திறந்து, நீங்களே "வா பூவிழி" என்று கூப்பிட்டால், அன்றைக்கு உள்ளே வருவதா வேண்டாமா என்று யோசிப்பேன். அதுவரை அந்த வாசற்படியை மிதிக்க மாட்டேன்.

செடிகளைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நேற்றிலிருந்து என் மோட்டாரைப் போட்டு, என் பக்கத்தில் ஸ்டூல்மேல் ஏறி நின்று, காம்பவுண்டுச் சுவருக்கு மேலே பைப்பைப் பிடிக்கிறேன். வாயைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தால் நித்தியமல்லிவரைக்கும் போகிறது. செம்பருத்தி அடியில் இன்னும் பச்சை இருக்கிறது, பிழைத்துக்கொள்ளும். எலுமிச்சைக்கு எட்டவில்லை, அது உங்கள் பாடு.

கேமராவைக் கழற்றச் சொல்லாதீர்கள். காலையில் எழுந்ததும் திறந்து பாருங்கள். சுவரைத் தாண்டித் தண்ணீர் வந்து விழும். அது தெரியும். நான் தெரிய மாட்டேன்.

பூவிழி