ப்ரீஆம்ப் வாங்காமல் இருந்ததற்குக் காரணம்

அன்புள்ள சிட்டு,

வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நான் நன்றாக இருக்கிறேன், அப்பாவுக்கும் காய்ச்சல் தலைவலி என்று எதுவும் இல்லை. வாரம் தவறாமல் ஃபோனில் பேசுகிறவள் எதற்காகக் கடிதம் எழுதுகிறாள் என்று பதறாதே, கடைசிவரை படி. அப்பா பக்கத்தில் இருக்கும்போது இதை உன்னிடம் ஃபோனில் சொன்னாலும் அவருக்குக் கேட்காது. அது தெரிந்தே அவர் முன்னால் உட்கார்ந்து பேச எனக்கு மனம் வரவில்லை.

நீ அனுப்பிய ரெக்கார்டு பிளேயர் வந்து நாலு வாரம் ஆகிறது. அதற்கு ஒரு ஃபோனோ ப்ரீஆம்ப் வேண்டும், நான் அனுப்பிய பணத்துக்குள் ஒன்று பார்த்து வாங்கும்மா என்று மூன்று தடவை சொல்லிவிட்டாய். போன வாரம் "ஒரு சின்ன டப்பா வாங்க இத்தனை நாளா, மாப்பிள்ளை பாக்கற மாதிரி பாக்கறியேம்மா" என்று கோபித்துக்கொண்டாய். கடைக்குப் போகாமல் இல்லை. முதல் தடவை கூட்டமாக இருந்தது, கேட்கக் கூச்சப்பட்டு பல்பு விலை பார்ப்பதுபோல் நின்றுவிட்டு வந்தேன். அடுத்த தடவை கடையில் ஆள் இல்லை, கடைக்காரரும் பொறுமையானவர். ஊசி எடுத்துத் தரும் சத்தம் துளிதானாம், அதைப் பெரிதாக்க இந்த டப்பா வேண்டுமாம். அதோடு இசைத்தட்டில் பதிக்கும்போதே கனத்த சத்தத்தைக் குறைத்து, கீச்சென்ற சத்தத்தைக் கூட்டித்தான் பதிப்பார்களாம், அதையும் இந்த டப்பாதான் சமன் செய்யுமாம். மூன்று எடுத்து வைத்தார். ஒன்றில் திருகக்கூட எதுவும் இல்லை, இரண்டாவதில் சத்தம் கூட்டிக் குறைக்கும் குமிழும் ஹெட்ஃபோன் செருகும் ஓட்டையும் இருந்தன, மூன்றாவது பளபளவென்று இருந்தது. "அது வேணாம்மா, சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம்னு ஆயிடும், உங்க ஊசிக்கு நடுவுல இருக்கறதே தாராளம்" என்றார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். வீட்டில் கேட்கவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். டப்பா விஷயம் எல்லாம் எங்களுக்குத் தெரிவதற்கு முன்பு, பெட்டி வந்த அன்றே அப்பா அதை நேராக ஸ்பீக்கரில் செருகி, நீ கூட அனுப்பியிருந்த பழைய தட்டைப் போட்டார். நான் சமையலறையில் இருந்தேன், ஒரு சத்தமும் வரவில்லை. கிட்டே போய் ஸ்பீக்கர் வலையில் காதை வைத்தேன். சீசாவுக்குள் அடைபட்ட கொசு மாதிரி ஒரு வயலின். வெறும் வயலின்தான், பாட்டு இல்லை. உறையில் ஒரு பெண் பாடுகிற படம் இருக்கிறது, உள்ளே யாரோ வேறு தட்டை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். அப்பா ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டே "குரல் என்ன கணீர்னு இருக்கு பாரு, சிட்டு பாத்துப் பாத்து அனுப்பியிருக்கா" என்றார். கிண்டல் செய்கிறார் என்று சிரிக்கப் போனேன். பாடம் படிக்காத பிள்ளை வாத்தியாரைப் பார்ப்பதுபோல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. "அப்பா இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை, நான் இவ்வளவு தூரம் வந்ததில் அவருக்குக் கோபமா" என்று கேட்டு அழுதாயே, கோபம் இல்லை கண்ணு, அவருக்கு ஃபோனில் ஒன்றும் பிடிபடவில்லை. உனக்குக் காய்ச்சல் என்று நீ சொன்னதற்கு "ரொம்ப சந்தோஷம்மா, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்றாரே, நாமும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோமே.

சிரிப்பெல்லாம் எனக்கு நின்றுவிட்டது. அவர் கிடங்கில் ஓட்டுவது ஃபோர்க்லிஃப்ட். ஆள் உயரத்துக்குச் சரக்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் எடுக்கும்போது கண்ணைவிடக் காதுதான் வேண்டும். இரண்டு மாதத்துக்கு முன் பின்பக்கம் பேக்கிங் செய்கிற அம்மா கத்தியும் இவர் நிறுத்தவில்லை, ஒரு சாண் இடைவெளியில் அந்த அம்மா தப்பினார். இவர் வீட்டுக்கு வந்து "அந்தம்மா வாயத் தொறந்தா ஊருக்கே கேக்கும், அன்னிக்குன்னு பாத்து ரகசியம் பேசியிருக்கு" என்றார். போன வருடம் அங்கே காது சோதித்தபோதுகூட "சத்தம் விடறப்ப எல்லாம் அந்த நர்ஸம்மா புருவம் தூக்குது, அதப் பாத்தே பாஸ் பண்ணிட்டேன்" என்றார். நான் அதையும் வேடிக்கை என்றே நினைத்தேன். இப்போது அவர் வேலைக்குப் போன நேரத்தில் ஃபோன் மணி அடித்தால் சாமி படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன்.

டப்பா இல்லாததால்தான் சத்தம் சரியாக வரவில்லையாம் என்று நான் சொன்னபோது, "அதானே பாத்தேன்" என்றார். அத்தனை நிம்மதி அந்த முகத்தில். டப்பா வந்துவிட்டால் குறை சொல்ல மெஷின் இருக்காது, காது மட்டும்தான் மிஞ்சும். அந்த நாளுக்குப் பயந்துதான் இதுவா அதுவா என்று நாலு வாரம் ஓட்டினேன். தெரிந்தால் இருபத்தாறு வருட வேலை போய்விடுமோ என்று ஒரு பயம், தெரியாமலே போனால் யாராவது சக்கரத்தில் சிக்குவார்களோ என்று இன்னொரு பயம். நேற்று மறுபடி போனேன், நடுவில் இருந்தது விற்றுவிட்டதாம், அதே மாதிரி இன்னொன்றுக்குச் சொல்லிவிட்டு வந்தேன். சனிக்கிழமை வருமாம். அது வந்ததும், நிதானமாக ஞாயிற்றுக்கிழமை அவரிடம் பேசலாம் என்று இருக்கிறேன்.

மேலே உள்ளதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இன்று செவ்வாய். ஞாயிறு வருவதற்குள் இன்னும் நாலு நாள் வண்டி ஓட்டுவார். அந்த நாலு நாளில் அந்தப் பேக்கிங் அம்மா ஒவ்வொரு நாளும் அவர் பின்னால்தான் நிற்பார். ஞாயிற்றுக்கிழமை பேசலாம் என்ற வரியை நான் அடிக்கவில்லை, என் கோழைத்தனம் உனக்கும் தெரியட்டும். இன்று ஐந்தரைக்கு அவர் வந்ததும், முகத்துக்கு நேரே உட்கார்ந்து சொல்லப் போகிறேன். கத்தினால் கத்தட்டும். நாளைக்கு வண்டிச் சாவியைத் தொடுவதற்கு முன் சூப்பர்வைசரிடம் அவரே சொல்ல வேண்டும், கூட நானும் போவேன். வாட்ச்மேனிடம் பேர் சொல்லவே கூசுகிறவள், ஆனாலும் போவேன். அங்கிருந்து காது டாக்டரிடம்.

நீ எந்த ஊரில் இருந்தாலும் குறைவில்லாமல் இருக்க வேண்டும், எங்களுடைய ஆசி எப்போதும் உனக்கு உண்டு. ஒன்று மறக்காதே. இனி கூப்பிடும்போது வீடியோவில் கூப்பிடு, வெளிச்சம் உன் முகத்தில் விழுகிற மாதிரி உட்கார், வாயைக் கையால் மறைக்காதே, மெதுவாகப் பேசு. அப்பா உன் உதட்டைப் பார்த்துத்தான் கேட்பார். அவர் முன்னால் அழுதுவிடாதே, அது அவர் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்.

இப்படிக்கு,
உன் அம்மா