முட்டையும் மீனும் நிறுத்தின மூணு மாசம்

மே 12, திங்கள்
விடாத மழை. துணி காயலை. இவருக்குச் சட்டைப் பட்டன் நான்தான் போட்டு விட்டேன். தோள் எலும்பு கையில தட்டுது. வயிறு மட்டும் உப்பல், கை கால் குச்சி. ஜூரோங் கப்பல் பட்டறையில முப்பது வருஷம் இரும்பு தூக்கின கை.

பிப்ரவரியை நினைச்சாலே பயம். ஈரல் கெட்டு, புத்தி தடுமாறி, செருப்பை ஃபிரிட்ஜ்ல வச்சார். ஆஸ்பத்திரியில என்னை நர்ஸுன்னு நினைச்சு, "மிஸ்ஸி, என் ஒய்ஃப் எப்ப வருவா?" பக்கத்துக் கட்டில்காரரோட மனைவிதான் சொன்னாங்க, கறி மீன் சாப்பிட்டா அம்மோனியா தலைக்கு ஏறும்னு. அன்னைக்கே நிறுத்தினேன். முட்டை, மீன், பருப்பு, பால். டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலை. ரசம் சோறு, கஞ்சி, கஞ்சி.

மே 13, செவ்வாய்
சேலைக் கடை வேலையில எட்டு மணி நேரம் நின்னாச்சு. கால் வீக்கம். சிராங்கூன் ரோட்டுல பஸ்ஸுக்கு அரை மணி.
வாங்க: சோப்பு, பூண்டு, இவரோட இனிப்பு மருந்து (அது குடிச்சா மூணு தடவை பாத்ரூம். அதுதான் அம்மோனியாவை வெளியேத்துதாம்).
இவர்: "துண்டு மீனாவது வாங்கேன், மல்லிகா."
நான்: "திரும்ப வார்டுக்குப் போகணுமா?"
டிவி பக்கம் திரும்பிட்டார்.

மே 14, புதன்
லிஃப்ட்ல மேல்வீட்டு ரொஹானி, சிரிச்சுக்கிட்டே: "யுவர் ஹஸ்பண்ட் நல்லா மக்கான் லா! ஹாஃப்-பாயில் எக், டூ!"
கோப்பிக்கடையில சாப்பிட்டிருக்கார். எனக்குத் தெரியாம.
வீட்டுக்குள்ள வந்ததும் கத்திட்டேன். இவர் குரல் உயர்த்தலை. "பட்டினி போட்டுத்தான் என்னைக் காப்பாத்தணுமா?"
சாயங்காலம் முழுக்க இவர் முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தேன். இன்னைக்கு என்ன கிழமை? புதன். நம்ம புளோக் நம்பர்? சரியாச் சொன்னார். பேப்பர்ல கையெழுத்துப் போடச் சொன்னேன், கோணலே இல்லை.
அப்போ அந்த ரெண்டு முட்டை ஒண்ணும் பண்ணலையா?

மே 16, வெள்ளி
ஆஸ்பத்திரி போனோம். டாக்டர் எடையைப் பார்த்துட்டு உணவு ஆலோசகர்கிட்ட அனுப்பினார். தமிழ்ப் பொண்ணு, முப்பது வயசு இருக்கும். பிடி பலம் பார்க்க இவர் கையில ஒரு கருவி கொடுத்து அமுக்கச் சொன்னா. முள் நகரவே மாட்டேங்குது. இவர் சிரிக்கிற மாதிரி பண்ணினார்.

"ஆன்ட்டி, தினம் என்ன கொடுக்கறீங்க?"
சொன்னேன். எழுதறதை நிறுத்திட்டா.
"புரதத்தை யார் நிறுத்தச் சொன்னாங்க?"
"நானேதான்."

அவ சொன்னது, மறக்காம இருக்க: சாப்பிடற புரதம் வயித்துல, குடல்ல உடைஞ்சு அமினோ அமிலமாகும். அதை வச்சுத்தான் உடம்பு தசை கட்டும். மிஞ்சினதை உடைக்கும்போது அம்மோனியா வரும், நல்ல ஈரல் அதை யூரியாவாக்கி மூத்திரத்துல விட்டுடும். இவர் ஈரலுக்கு அந்தத் தெம்பு இல்லை. பக்கத்துக் கட்டில் அம்மா சொன்னது பாதி நிஜம்.

"மீதிப் பாதி என்னன்னா, நீங்க கொடுக்கலேன்னா உடம்பு சும்மா இருக்காது ஆன்ட்டி. சொந்தத் தசையை உடைச்சு எடுத்துக்கும். அப்பவும் அம்மோனியா வரும். தசையும் கொஞ்சம் அம்மோனியாவைக் கழிச்சுக் கொடுக்கும். அதுவும் போச்சுன்னா அங்கிளுக்கு டபுள் கஷ்டம்."

திட்டலை. திட்டியிருக்கலாம்.

பட்டியல்: முட்டை 1, மீன், தௌஹு (சோயாக் கட்டி), பருப்பு, பால். கொஞ்சம் கொஞ்சமா, அஞ்சாறு வேளை. படுக்கறதுக்கு முன்னாடி பிஸ்கட்டும் பாலும் கட்டாயம், வெறும் வயித்தோட விடக் கூடாது. உப்பு கம்மி. தடுமாற்றம் வந்தா உடனே ஆஸ்பத்திரி.

எம்ஆர்டி ரயில்ல வீட்டுக்குத் திரும்பினோம். ரெட்ஹில்ல இறங்கறப்ப என் தோளைப் பிடிச்சுக்கிட்டார். எடையே தெரியலை.

மே 17, சனி
தேக்கா மார்க்கெட். கூட்டம். கொடுவா மீன் ரெண்டு துண்டு, தௌஹு. மஞ்சள் போட்டுக் குழம்பு, உப்பு பேருக்குத்தான்.
தட்டை வச்சேன்.
"உங்க உடம்பை நான்தான் கரைச்சேன்."
மீன்ல முள்ளெடுத்துக்கிட்டே, "எனக்கும்தானே தெரியலை. தெரிஞ்சிருந்தா தினம் திருடியிருப்பேன்."
அப்புறம், "உன் தட்டு எங்க?"
மூணு மாசமா நானும் இவர் சாப்பிட்டதைத்தான் சாப்பிட்டேன். இவருக்குத் தெரியாதுன்னு நினைச்சிருந்தேன். என் சோத்துத் தட்டை எடுத்துட்டு வந்தேன், ரெண்டாவது துண்டை அதுல வச்சார்.
அழுதேன். சாப்பிட்டேன். ருசி தெரியலை.

மே 19, திங்கள்
லீவு. வெயில். புளோக் கடைசி வரைக்கும் நடந்தோம். நடுவுல ரெண்டு தடவை உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.