புதுப் பெட்டிக்கு நெற்றி எது?

3.10.1992, சனி

காலையிலிருந்து மழை. கிள்ளான் பஸ் நிலையத்துப் பக்கம் கணுக்கால் அளவு தண்ணீர்.

புது நோட்டு. முதல் பக்கம். தினமும் ஐந்து வரியாவது எழுத வேண்டும் என்று, எழுதப் படிக்கச் சொல்லித்தரும் முதியோர் வகுப்பு டீச்சர் சொல்லியிருக்கிறார். என் பெயரை எழுதிப் பார்த்தேன். கீழே இன்னொரு முறை எழுதினேன். அறுபத்தெட்டு வயதில் இப்படி ஒரு சந்தோஷம்.

மகள் செல்வியின் வீடியோ கேம் கடைக்குப் புது விளையாட்டுப் பெட்டி ஒன்று வந்தது. கொண்டுவந்தவர் ஆ கியோங். சுபாங் ஜெயாவிலிருந்து சரக்குப் போடும் சீனர். ஒரு வாரம் வைத்துப் பார்க்கச் சொன்னார். அடுத்த சனிக்கிழமை பதில் சொல்ல வேண்டும். சரி என்றால் பழைய பெட்டி நான்கையும் கேசட்டோடு எடுத்துக்கொண்டு புதியது நான்கு தருவார். அப்புறம் பழையதைத் திருப்பிக் கேட்க முடியாது.

மாப்பிள்ளை இறந்த பிறகு இந்தக் கடையை வைத்துத்தான் செல்வி நிமிர்ந்தாள். பழைய பெட்டி வந்த புதிதில் கடைக்கு ஏறும் மாடிப்படி முழுக்க ஆள்.

"அப்பா, பழசு நாலு வருஷம் நம்மள காப்பாத்துச்சு. இது அந்த மாதிரி ஓடுமா?"

ரயில்வேயில் தண்டவாளம் பார்த்தவனிடம் கேட்கிறாள். "ஓடும் போலத்தான் இருக்கு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

4.10, ஞாயிறு

வெயில். கடையில் கூட்டம். முழுதாக எழுதினால் கை வலிக்கிறது. இனி ப.பெ. என்றால் பழைய பெட்டி. பு.பெ. என்றால் புதுப் பெட்டி.

பு.பெ.யில் நல்லது: நிறம். பாட்டு, நிஜ பேண்டு வாத்தியம் மாதிரி. தூரத்து மலை தனியாக நகர்கிறது.

ப.பெ.யில் நல்லது: எல்லாருக்கும் தெரியும். கீழே விழுந்தாலும் ஓடும். படம் வராவிட்டால் கேசட்டை எடுத்து ஊதினால் போதும்.

இரண்டு பக்கமும் மும்மூன்று. என்ன முடிவு செய்வது?

பக்கத்து ஊர் மேருவில், தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்கள் நான்கு பேர் வந்தார்கள். பு.பெ.யைச் சுற்றி நின்று "அய்யோ, அழகா இருக்குலா" என்றார்கள். பிறகு ப.பெ.யில் போய் உட்கார்ந்தார்கள். அழகு என்றால் அதில்தானே உட்கார வேண்டும்?

5.10, திங்கள்

ஆயுத பூஜை. அவல், கடலை, வாழைப்பழம். கடையைக் கழுவி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். டிவிக்கு. மின்விசிறிக்கு. ரயில்வேயில் டிராலிக்கும் சுத்தியலுக்கும் வைத்த அதே கை.

ப.பெ.க்கு முன்னால் நெற்றி மாதிரி ஒரு பட்டை உண்டு. பு.பெ.க்கு நெற்றி எது என்று தெரியவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மேலே மெல்லிய கதவு ஒன்று, கேசட் போடுகிற இடம். அதில் வைத்தேன். புதியது ஆயிற்றே என்று கொஞ்சம் தாராளமாக.

செல்வி கற்பூரம் காட்டினாள். கண்ணை மூடி ரொம்ப நேரம் நின்றாள்.

6.10, செவ்வாய்

மேகமூட்டம். பு.பெ. வேலை செய்யவில்லை. கறுப்புத் திரை. லோரி ஓட்டும் தாஸ் கேசட்டை எடுத்து ஊதினான். ஒன்றுமில்லை.

"பாத்தீங்களாப்பா? மூணு நாள் தாங்கல. நல்லவேள, பழச குடுக்கல" என்றாள் செல்வி.

7.10, புதன்

செல்வி காய் வாங்கப் பாசாருக்குப் போனபோது டார்ச் அடித்து அந்தக் கதவைத் திறந்து பார்த்தேன். உள்ளே மஞ்சளாக. சந்தனம்.

8.10, வியாழன்

மழை. சொல்லவில்லை. செல்வி சமைக்கும்போது பாடுகிறாள். வேண்டாம் என்று முடிவாகிவிட்ட நிம்மதி. சொன்னால் முதலிலிருந்து குழம்புவாள். சொல்லாவிட்டால் பெட்டி மேல் பழி. பழி போனால் போகட்டும், பெட்டிதானே? ஆனால் அது உண்மையிலேயே நல்ல பெட்டியாக இருந்தால்?

பல் வலி. கிராம்பு வைத்தேன்.

9.10, வெள்ளி

இரண்டு முறை வாயைத் திறந்தேன். ஒரு முறை "உப்பு கம்மி" என்றேன். இன்னொரு முறை "மழை வரும்" என்றேன்.

பேச்சில் வரவில்லை. நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதினேன். நான்கு வரிக்கு ஒரு மணி நேரம். "பெட்டி மேல் தப்பு இல்லை. நான் கதவில் சந்தனம் வைத்தேன். உள்ளே போய்விட்டது. அப்பா." பெட்டி மேல் ஒட்டிவிட்டுப் படுத்தேன்.

10.10, சனி

செல்வி படித்தாள். மறுபடியும் படித்தாள். திட்டுவாள் என்று நின்றேன்.

"இது நீங்க எழுதுனதாப்பா? யாரும் எழுதிக் குடுக்கலையே?"

"நான்தான்."

தாளைக் கிழியாமல் பிரித்து எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் திட்டினாள். நன்றாகவே திட்டினாள்.

ஆ கியோங் வந்து பெட்டியைத் திறந்தார். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். படம் வந்தது. "அங்கிள், சாமி வெளிய போதும் லா. உள்ள விடாத" என்றார்.

செல்வி புதியதையும் பழையதையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஆ கியோங்கிடம், "பாஸ், மூணு புதுசு குடுங்க. ஒரு பழச நான் வச்சிக்கிறேன்" என்றாள். அவர் முணுமுணுத்தார். கடைசியில் ஒப்புக்கொண்டார். ப.பெ. மூன்றும் லோரியில் ஏறிப் போயின. அதைப் பார்க்க நான் வாசல் பக்கம் போகவில்லை.

11.10, ஞாயிறு

நல்ல வெயில். நல்ல கூட்டம். அத்தனை பேரும் மிச்சமிருக்கும் ஒரே ப.பெ. முன்னால். புதியது மூன்றும் சும்மா பாடிக்கொண்டிருந்தன. செல்வி கவுண்டரிலிருந்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமோ?

தாஸிடம் கேட்டேன், ஏன்ப்பா அதில் உட்காரமாட்டேன் என்கிறாய் என்று.

"பழசுல எட்டாவது ரவுண்டு போய்ட்டேன் அங்கிள். புதுசுல முதல்லேருந்து எல்லாரு முன்னாலயும் தோக்கணுமா?"

இதற்கா பயம்? நான் போய் பு.பெ. முன் உட்கார்ந்தேன். எந்தப் பொத்தான் எதற்கென்று தெரியாது. கார் பின்னால் போனது. வேலியில் மோதியது. ஆற்றில் விழுந்தது. சிரிப்பு. மறுபடியும் ஆறு.

"அய்யோ அங்கிள், பிரேக்க விடுங்க!"

"பாலத்துல ஏறுங்க, பாலத்துல!"

ஏறினேன். பாலத்தின் நடுவில் தலைகீழாகக் கவிழ்ந்தது. எனக்கே சிரிப்பு தாங்கவில்லை.

"குடுங்க அங்கிள், அப்படி இல்ல, நான் காட்டுறேன்" என்று தாஸ் கையை நீட்டினான்.

"வரிசையில வாப்பா" என்றேன், விளையாட்டுக்கு. திரும்பிப் பார்த்தால் அவனுக்குப் பின்னால் மேருப் பெண்கள் இரண்டு பேர் நிற்கிறார்கள்.