நட்சத்திரத்தின் வாலில் அப்பா பேர்

ஜமுனாமரத்தூர்,
டிசம்பர் 28.

காவியாவின் அப்பாவுக்குச் செவ்வந்தி எழுதுவது. உங்களுக்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற ஐயாவுக்கும் என் வணக்கம். இதில் வீட்டு விஷயம் தவிர வேறு எதுவும் இல்லை.

எனக்கும் காவியாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. ஐப்பசியில் நான் வந்து பார்த்தபோது நீங்கள் இருமிக்கொண்டே இருந்தீர்கள். மருந்து கொடுக்கிறார்களா என்று கேட்டு எழுதினேன், அதற்கு மட்டும் பதில் இல்லை. சாமை அறுத்துக் கட்டி வைத்தது பாதி நனைந்துவிட்டது. பத்து நாளாக இங்கே பனியும் தூறலும்தான். வாசலில் நின்றால் எதிர்வீடு தெரியவில்லை. வீட்டுக்குள்ளேயே புகை சுற்றிக்கொண்டு, துணி காயாமல், யாரிடமும் பேச்சில்லாமல் நாள் போகிறது. ஊரில் எல்லோரும் நல்லபடியாகத்தான் இருக்கிறார்கள். நான் குழாயடிக்குப் போனால் மட்டும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

நான் சமையலுக்குப் போகிற விடுதியில் கிறிஸ்துமஸுக்கு வேலூரிலிருந்து ஒரு குடும்பம் வந்து தங்கினது. அங்கே நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மேனேஜர் சுப்பிரமணி, வருகிறவர்களுக்குக் கடையில் வாங்கின ஜோடனை பிடிக்காது, கையால் செய்ததுதான் வேண்டுமாம் என்று ஒரு வாரம் முன்பே சொல்லிவிட்டார். காவியாவுக்கு அரைப் பரீட்சை லீவு. அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். மூங்கிலைச் சீவி நட்சத்திரம் கட்டினாள். மைதா பசை காய்ச்சி நான் கலர் பேப்பர் ஒட்டினேன். கடுக்காயைக் கோத்து வெள்ளிப் பெயின்ட் அடித்துத் தோரணம் போட்டோம். குடிலுக்குச் சாமை வைக்கோல் பரப்பினோம். குடிலை மட்டும் அவள் கட்டிக் கட்டிப் பிரித்தாள். போன வருஷம் இதே லீவில் நீங்கள் எங்களை மாதா கோயில் குடில் பார்க்கக் கூட்டிப்போய், அப்படியே பீமன் அருவிக்கும் போனோமே, அங்கே பார்த்த மாதிரி வரவில்லை என்றாள்.

இருபத்துநாலாம் தேதி மத்தியானம் அவர்கள் வந்தார்கள். ஆனந்தன் என்று ஒருவர், அவர் மனைவி ஒரு டீச்சர், இரண்டு பெண் பிள்ளைகள். அருவி, படகு, ராத்திரி பூசை என்று பட்டியல் போட்டு வந்திருந்தார்கள். வந்த ஒரு மணி நேரத்தில் மலைப்பாதை வளைவில் ஒரு பெரிய மரம் சாய்ந்து ரோடு நின்றுபோனது. ஊருக்குள் போகிற பாதையிலும் ஓடைத்தண்ணீர் ஏறிவிட்டது. நானும் காவியாவும் வீட்டுக்குப் போக முடியவில்லை. அவர்களும் எங்கும் போக முடியவில்லை. அரிசி மூட்டை வைக்கிற அறையில் எங்களைப் படுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் சுப்பிரமணி.

பிள்ளைகள் சலித்துக்கொண்டார்கள். டீச்சர் எங்கள் நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு, பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடு என்று காவியாவைக் கூப்பிட்டார். மூன்று பேரும் தாழ்வாரத்தில் உட்கார்ந்து சாயங்காலம் வரைக்கும் கட்டினார்கள். நான் ஏழு மாதமாக அவள் சிரித்துக் கேட்காத சிரிப்பை அன்றைக்குக் கேட்டேன். அடுப்பைவிட்டு வரவில்லை. வந்தால் நின்றுவிடுமோ என்று இருந்தது.

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கமாம். நட்சத்திரத்துக்குக் காகித வால் ஒட்டி, அந்த வருஷம் கூட இருக்க முடியாதவர்கள் பேரை அதில் எழுதுவார்களாம். மூத்தவள், துபாயில் இருக்கிற மாமா பேரை எழுதினாள். சின்னவள், ஆஸ்பத்திரியில் இருக்கிற சித்தி பேரை எழுதினாள். நீயும் எழுது என்று காவியாவிடம் ஒரு வாலைக் கொடுத்தார்கள்.

அவளிடம் நான் என்ன சொல்லி வைத்திருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். அப்பா கேரளாவில் மிளகுத் தோட்டத்தில் இருக்கிறார், அங்கே போன் எடுக்காது என்று. உங்கள் பேரில் நானே கடிதம் எழுதி அவளுக்குப் படித்துக்காட்டியதை மட்டும் உங்களுக்குச் சொல்லவில்லை. மாதம் ஒன்று எழுதினேன். தோட்டத்தில் யானை வந்தது, முதலாளி நல்லவர் என்றெல்லாம் எழுதினேன். உங்கள் பேரில் பொய் எழுதினதற்கு என்னை மன்னித்துவிடுங்கள்.

காவியா எழுதி முடித்ததும் ஆனந்தன் சார் வாங்கிக் கட்டப் போனார். சத்தமாகவே படித்தார். "இளவரசன், விசாரணைக் கைதி எண் நாலாயிரத்து நூற்று இருபத்தேழு" என்று படித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். கீழே சிறையின் பேர், ஊர், பின்கோடு எல்லாம் இருந்தது. நான் கவரின்மேல் எழுதுகிற மாதிரியே, ஒரு எழுத்து மாறாமல்.

இது யார் என்று கேட்டார். "எங்கப்பா சார்" என்றாள். சின்னப் பெண் விடாமல், "அது இன்னா நம்பரு" என்று கேட்டது. "அங்க எல்லாருக்கும் ஒரு நம்பர் குடுப்பாங்க. பேர் மட்டும் போட்டா லெட்டர் போய்ச் சேராது" என்று, பாடம் சொல்கிற மாதிரி சொன்னாள். நான் சமையலறை வாசலில் நின்றேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

அதற்கப்புறம் அந்த விடுதியில் மூச்சுவிட இடமில்லை. ஆனந்தன் சார் பைகளை எடுத்துக் காரில் வைத்துப் பூட்டினார். சுப்பிரமணியிடம், ரோடு எப்போது திறக்கும், வேறு வழி இருக்கிறதா என்று மூன்று தடவை கேட்டார். எந்த வழியும் இல்லை. பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார். நான் சோறு எடுத்துப்போனால் பேச்சு நின்றது. குழாயடியில் நிற்கிற மாதிரியே. நம் ஊர் மௌனம்தான் வேலூர் வரைக்கும் போய் அவர்கள் காரில் ஏறி வந்ததோ என்று நினைத்துக்கொண்டேன். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. பெண் பிள்ளைகளை வைத்திருப்பவர். கோபித்துக்கொண்டு எழுந்து போகவும் எங்களுக்கு இடமில்லை.

கிறிஸ்துமஸ் அன்று காலையிலும் மழை. கோயிலுக்குப் போக முடியாததால் கூடத்திலேயே ஜெபம் செய்தார்கள். கடைசியில் டீச்சர், நட்சத்திர வாலில் இருக்கிற பேர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். நான் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டேன். மாமா பேர் வந்தது. சித்தி பேர் வந்தது. அவ்வளவுதான் என்று நினைத்தேன். அப்புறம் "இளவரசன்" என்றார். எண்ணைப் படிக்கவில்லை.

போலீஸ், வக்கீல், ஊர்க்காரர்கள் என்று உங்களைப் பற்றி எத்தனையோ பேர் என்னிடம் பேசிவிட்டார்கள். பேரை மட்டும் ஒருவர் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

இருபத்தாறாம் தேதி ரோடு திறந்ததும் கிளம்பிப் போனார்கள். டீச்சர் காவியாவின் தலையைத் தொட்டுவிட்டு ஒரு கேக்கைக் கொடுத்தார். சார் முன்னாலேயே வண்டியில் உட்கார்ந்திருந்தார். சுப்பிரமணி என்னிடம், "நீ வேலைக்கு வா, பொண்ண மட்டும் இட்டாராத. நாலு பேரு வந்து போற எடம்" என்றார். சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும். இந்த மழையில் வேறு வேலையும் இல்லை.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் அவளிடம் கேட்டேன், எப்போதிருந்து தெரியும் என்று. "ஆடி மாசத்துலருந்தே தெரியும்மா. நீ போஸ்ட் பண்ணச் சொல்லி மாமாகிட்ட குடுத்த கவரப் பாத்தேன்" என்றாள். பிறகு ஏன் நான் படித்த கடிதங்களை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாய் என்றேன். "நீ படிக்க சொல்லோ கேக்க நல்லா இருந்துச்சு. அதான்" என்றாள். எனக்காக அவள் வாயை மூடிக்கொண்டும், அவளுக்காக நான் பொய் எழுதிக்கொண்டும் ஒரே அறையில் இத்தனை மாதம் இருந்திருக்கிறோம்.

ஓடையைத் தாண்டும்போது இன்னொன்று கேட்டாள். "போலீஸ் சொல்ற மாதிரி அப்பா நெஜமாவே காட்டுல திருட்டு மரம் வெட்டப் போனாரா?"

நான் அவள் கையைப் பிடித்து அக்கரை ஏற்றினேன். எஸ்டேட் வேலை என்று சொல்லிக் கிளம்பின அன்றைக்குப் பையில் உங்கள் கோடாலியை நீங்கள் வைத்ததைப் பார்த்தேன். எஸ்டேட்டில் வேலிக்கு முள்ளு வெட்டவாக இருக்கும். எதற்கு என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்களோ தெரியாது. கேட்காமல் களியைக் கட்டிக் கொடுத்து அனுப்பினது நான்தான். இதற்குமேல் இதில் எழுதக் கூடாது. நீங்களும் அவள் கேள்விக்குக் கடிதத்தில் பதில் எழுத வேண்டாம். வீட்டுக்கு வந்தபிறகு அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லுங்கள். அவள் அதுவரை பொறுத்திருப்பாள். அவளுக்குப் பொறுக்கத் தெரிந்திருக்கிறது.

வக்கீல், ஜனவரி பத்தொன்பதாம் தேதி வாய்தா என்றார். அன்றைக்குக் காவியாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அந்த இடத்துக்கு அவளை அழைத்து வரவே கூடாது என்று என்னிடம் நீங்கள் சத்தியம் வாங்கியிருக்கிறீர்கள். அந்தச் சத்தியத்தை மீறுகிறேன். வேண்டாம் என்று எழுதாதீர்கள். எழுதினாலும் அது மலை ஏறி வந்து சேர்வதற்குள் நாங்கள் பஸ் ஏறியிருப்போம்.

மருந்து கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். தலைக்கு எண்ணெய் வையுங்கள். நம் மலைத் தெய்வம் உங்கள் பக்கத்தில் நிற்கட்டும். உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அவள் உங்களைப் பார்க்கிறபோது தலையைக் குனிந்துகொள்ளாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் செவ்வந்தி