எஃகு நார் எரியும் என்பதும், நான் புகைக்கவில்லை என்பதும்

அனுப்புநர்
லைல் பிக்கரிங்,
ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர்,
14, ரயிலடித் தெரு,
கல்கரூப், மேற்கு விக்டோரியா.

பெறுநர்
உயர்திரு மேலாளர் அவர்கள்,
வட்டாரத் தீத்தடுப்பு அலுவலகம்.

பொருள்: கல்கரூப் ஊர் மண்டபச் சமையலறைத் தீ – அறிக்கையிலுள்ள "அணைக்காத சிகரெட்" என்னும் சொற்களை நீக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. கடந்த ஏப்ரல் 12, சனிக்கிழமை பிற்பகல், டேலியா மலர்க் கண்காட்சி முடிந்து நான் மேசைகளை மடக்கிக்கொண்டிருந்தபோது, மண்டபச் சமையலறையின் மூன்றாவது இழுப்பறை தீப்பற்றியது. அண்டாவில் மிச்சமிருந்த தேநீரை ஊற்றி நானே அணைத்தேன். சேதம்: ஓர் இழுப்பறை, பதினொரு கைத்துண்டுகள், ஒரு திரைச்சீலை, என் இல்வாழ்க்கை.

2. அங்கே தனியாக இருந்தவர் முன்னாள் புகைப்பழக்கக்காரர் என்றும், பின்படியில் சிகரெட் துண்டு கிடந்தது என்றும், ஆகவே இது சிகரெட்டால் வந்த தீ என்றும் தங்கள் ஆய்வாளர் எழுதியுள்ளார். நான் புகைப்பதை விட்டு நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அப்போது நுரையீரல் கோளாறால் பதினொரு நாட்கள் மருத்துவமனையில் கிடந்தேன். பதினொரு நாளும் என் மனைவி நொலீன் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். வீடு திரும்பும் நாளில், கார் நிறுத்துமிடத்தில் வைத்து, "இன்னொரு சிகரெட்டப் பத்த வெச்சேன்னா நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன், லைல். அப்புறம் கூப்பிட்டாலும் வரமாட்டேன்" என்றார். தங்கள் அறிக்கை தபாலில் வந்த அன்று மாலையே போய்விட்டார். "நான் பிடிக்கல நொலீன்" என்று வாசல்வரை சொல்லிக்கொண்டே போனேன். "கவர்ன்மெண்ட் சீல் வெச்சு எழுதியிருக்கு. அவங்களுக்கு உன்மேல என்ன கோவம்?" என்று கேட்டார். 

3. படியில் கிடந்த சிகரெட் துண்டு வேறொருவருடையது. தன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று அவர் கெஞ்சியதால் சொல்லவில்லை. எங்கள் ஊரில் தீயணைப்பு வண்டியின் சாவி ஒரே ஒருவரிடம்தான் இருக்கிறது என்பதை மட்டும் பணிவுடன் தெரிவிக்கிறேன்.

4. உண்மையில் நடந்தது இது. ஏப்ரல் முதல் தேதியன்று ஊர்த் தீயணைப்புத் தொண்டர்கள் மண்டபத்தின் புகை எச்சரிப்பான்களில் பேட்டரி மாற்றினார்கள். கழற்றிய, ஆனால் இன்னும் மின்சாரம் மிச்சமிருந்த ஒன்பது சதுர பேட்டரிகளையும் அந்த மூன்றாவது இழுப்பறையில் போட்டார்கள். அதே இழுப்பறையில் அடுப்புத் தட்டு சுரண்டும் எஃகு நார் இருந்தது. அன்று நான் இழுப்பறையை இடுப்பால் தள்ளி மூடினேன். பேட்டரியின் இரண்டு முனைகளும் ஒரே பக்கத்தில் இருப்பதால் நார் இரண்டையும் ஒருசேரத் தொட்டு, சிவந்து, எரிந்து, கைத்துண்டுகளுக்குப் பரவியது. ஆக, இந்தத் தீ தீத்தடுப்புப் பணியால் வந்த தீ.

5. இதைத் தொலைபேசியில் ஆய்வாளரிடம் சொன்னேன். "பெரியவரே, துணி எரியும், பேப்பர் எரியும். இரும்பு எரியுமா? எரியும்னா உங்க கார் எப்பவோ போயிருக்குமே" என்று சிரித்தார். "இரும்பு எரியாது" என்று முத்திரை வைத்து ஒரு கடிதமும் அனுப்பினார். விறகுக்கட்டையைத் தீக்குச்சியால் பற்றவைக்க முடியாது, சீவிய சிராயை முடியும். இரும்பும் அப்படித்தான். மயிரிழையாக இருந்தால் எல்லாப் பக்கமும் காற்று படும். சூடு வந்தால் எரியும். வீட்டுக் கொல்லையில் செய்து பார்த்தேன். இருபது கிராம் நார், எரிந்தபின் இருபத்துமூன்று கிராம் இருந்தது. காற்றிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டிருக்கிறது. உற்சாகம் தாளாமல் நொலீனை அழைத்து, "எரிஞ்சப்புறம் எடை கூடிடுச்சு" என்றேன். "எடையப் பத்தி நீ பேசாத" என்று வைத்துவிட்டார். பன்னிரண்டு நாட்களில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. அன்று நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

6. மே 6 அன்று நேரில் வந்து, தங்கள் முகப்பு மேசையில் ஒரு சாப்பாட்டுத் தட்டை வைத்து, அதன்மேல் நாரையும் பேட்டரியையும் சேர்த்துக் காட்டினேன். எரிந்தது. தங்கள் கூரையிலுள்ள எச்சரிப்பான்கள் சிறப்பாக வேலை செய்கின்றன. நாற்பத்தொரு அலுவலர்களும் புல்தரையில் மழையில் நிற்க நேர்ந்ததற்கு வருந்துகிறேன். ஆய்வாளரும் நின்றார். "இப்ப எரிஞ்சுதா இல்லையா, சார்?" என்று கேட்டேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

7. பத்து நாள் கழித்து எனக்கு ஒரு தடைக்கடிதம் வந்தது. "அலுவலக வளாகத்தில் எஃகு நாரை எரித்தமைக்காக" நான் இனி அங்கே நுழையக் கூடாதாம். அதை அப்படியே நொலீனுக்கு அனுப்பினேன். மறுநாள் மதியமே பெட்டியோடு வந்து இறங்கினார். இரண்டு கடிதங்களையும் சாப்பாட்டு மேசையில் அருகருகே வைத்து, கண்ணாடி போட்டு, இரண்டு முறை படித்தார். "ஒண்ணுல இரும்பு எரியாதுங்கறாங்க. இன்னொண்ணுல எரிச்சதுக்கு உன்ன உள்ள விடமாட்டேங்கறாங்க. ரெண்டுலயும் ஒரே சீல். எது நெசம்னு கேட்டு எழுது" என்றார்.

8. எனவே இரும்பு எரியும் என்றால் அறிக்கையைத் திருத்தவும், எரியாது என்றால் நான் எதையும் எரிக்கவில்லையாதலால் தடையை நீக்கவும் வேண்டுகிறேன். இரண்டில் எதுவானாலும் முத்திரையுடன், திருமதி நொலீன் பிக்கரிங் பெயருக்கே அனுப்பக் கோருகிறேன். பதில் வரும்வரை, தினமும் மாலையில் நான் வாசலில் நிற்க, அவர் என் சட்டைக் காலரை முகர்ந்து பார்த்தபிறகே கதவு திறக்கிறது. மே முடிகிறது, எங்கள் ஊர்க் குளிர் தொடங்கிவிட்டது. எனக்கு வயது அறுபத்தெட்டு. விரைந்து முடிவெடுப்பீர்கள் என நம்புகிறேன்.

இடம்: கல்கரூப்
நாள்: மே 26

தங்கள் உண்மையுள்ள, புகைக்காத,
(ஒப்பம்) லைல் பிக்கரிங்