ஜன்னல் ரப்பரில் எண்ணெய்க் கறை

மஸ்கட்

அன்புள்ள பிரபாவுக்கு,

உன் சளி விட்டதா? அத்தையின் முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

போன வாரம் ஒரு கூத்து. பயப்படாதே, வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்கள் கார் கழுவும் கடைக்கு வந்த காரில், பம்பரின் கறுப்புப் பிளாஸ்டிக் வெயிலில் வெளுத்துக் கிடந்தது. அதற்குப் பூசும் மருந்து தீர்ந்துவிட்டது. உத்திரமேரூர் வேன் ஸ்டாண்டில் ஆயுத பூஜைக்குச் செய்வோமே, அதுபோல என் தலைக்கு வைத்திருந்த தேங்காய் எண்ணெயைப் பம்பரிலும் கதவு ரப்பரிலும் தேய்த்துவிட்டேன். புதுசுபோல மின்னியது. பத்தே நிமிடத்தில் காற்று அடித்து, மணலெல்லாம் அதிலேயே ஒட்டிக்கொண்டது.

சூப்பர்வைசர் நம் செய்யாறுக்காரர். "இன்னாபா சுகுமாரு, காருக்குத் தலைக்கு எண்ணெ வச்சி வுட்டுகீற? எண்ணெ பட்டா ரப்பரு ஊறிப்பூடும்பா" என்று சிரித்தார். சோப்புத் தண்ணீரில் இரண்டு முறை கழுவியும் வாசனை போகவில்லை. கழுவி முடிக்கும்வரை நீ பக்கத்தில் நிற்பதுபோலவே இருந்தது.

லீவில் ஊருக்கு வரும் அவர்தான் இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறார். திரும்பும்போது ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெய் கொடுத்தனுப்பு. தலைக்குத்தான்.

நம் ஆம்னி வேனை இப்போது ஓட்டுபவரிடம் நிழலில் நிறுத்தச் சொல். ரப்பரையெல்லாம் ஈரத் துணியால் துடை. வாலாஜாபாத்திலிருந்து திரும்பும்போதெல்லாம் நீ தலை சாய்த்துத் தூங்குவாயே, அந்த இடது ஜன்னல் ரப்பரை மட்டும் தொடாதே. உன் எண்ணெய்க் கறை அப்படியே இருக்கட்டும். ஊறினால் ஊறட்டும்.

சூப்பர்வைசர் கிளம்பிவிட்டார், கூப்பிடுகிறார்.

உன்
சுகுமார்