குடிக்காத நாட்களில் நீ

அண்ணே,

கார்த்திகை பிறக்கப் போகிறது. எங்கள் தெருவில் மாலை போடப் போகிறவர்கள் கறுப்பு வேட்டிகளை ஓரம் அடிக்கச் சொல்லி என் தையல் கடையில் குவித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். புதுத் துணியின் கஞ்சி வாசனை மூக்கில் ஏறுகிறது. மற்றவர்களுக்கு அது மலைக்குப் போகிற வாசனை. எனக்கு அது வேறு வாசனை. இந்த வாசனை வந்தால் உனக்குக் கெட்ட காலம் தொடங்கப் போகிறது என்று பழகிய மூக்கு. நீ போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று அதற்கு யார் போய்ச் சொல்வது?

ரெட்டிபாளையத்தில் உன்னைத் தெரியாதவர் இல்லை. சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றுவாய், வேலை விட்டதும் ஒயின்ஷாப். ஊர் உனக்கு வைத்த பெயர் ஒன்றே ஒன்றுதான், குடிகாரன். ஆனால் மாலை போட்டுவிட்டால் நீ வேறு ஆள். ஒரு மண்டலத்துக்கு ஒரு சொட்டு தொடமாட்டாய். முதல் வாரம் கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், தூக்கம் வராது. அது மெல்ல அடங்கும். அடங்கிய பிறகுதான் மற்றது ஆரம்பிக்கும். யாரும் இல்லாத பக்கம் திரும்பிப் பதில் சொல்வாய். சோற்றைப் பிசைந்துகொண்டே காதைப் பொத்துவாய்.

ஒரு பஜனையில் நீ திடீரென்று எழுந்து, கிணற்றில் விஷம் கலந்திருக்கிறது, எல்லோரும் ஓடுங்கள் என்று கத்தினாய். வேறு மாதத்தில் கத்தியிருந்தால் போதை தலைக்கேறிவிட்டது என்று இரண்டு அறை கொடுத்திருப்பார்கள். மாலை போட்டவன் சொன்னதால் குருசாமி கையெடுத்துக் கும்பிட்டார். கிணற்றுக்கு மஞ்சள் தெளித்துப் பூசை போட்டார்கள். அதற்கப்புறம் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் உன்னிடம் குறி கேட்க வந்தார்கள். நீ நடுங்கிக்கொண்டு ஏதோ சொல்வாய். அவர்கள், “சொல்லுங்க சாமி, சொல்லுங்க சாமி” என்பார்கள். கட்டிய பெண்டாட்டியும் சாமி என்று கூப்பிட வேண்டிய காலம் அது. அண்ணி என்ன செய்வாள், பாவம். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே நீ மறுபடி குடிகாரன்.

நோய்க்கும் பார், பேய்க்கும் பார் என்பார்கள். நம் வீட்டில் பேய்க்குப் பார்த்தார்கள், சாமிக்குப் பார்த்தார்கள். திருச்சிப் பக்கம் குடியை நிறுத்தும் இல்லம் ஒன்றில் கொண்டுபோய் விட்டார்கள். குடியை விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் அங்கேயும் சொன்னார்கள். நோய் என்று இன்னொன்று உள்ளே உட்கார்ந்திருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

தோன்றியது உனக்குத்தான். ஒரு வருஷம் மாலையோடு அரியலூர் வந்து பஸ் மாறி, பெரம்பலூரில் என் கடை வாசலில் வந்து நின்றாய். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. “பாப்பா, ஒண்ணு கேக்குறேன், சிரிக்காத. சாமி இம்புட்டு அசிங்கமா பேசுமா?” என்றாய். நாள் முழுக்க அது உன்னைத் திட்டுகிறதாம். அம்மாவை இழுத்துத் திட்டுகிறதாம். ஊரார் விழுந்து கும்பிடும்போதெல்லாம் உனக்குள் ஒருவன் உன்னைக் காறித் துப்பிக்கொண்டிருந்திருக்கிறான். எனக்குச் சிரிப்பு எங்கே வரும்? கடையைப் பூட்டினேன். அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரம்மா இருந்த அறைக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன்.

ஸ்கேன் எடுத்து உடனே ஒரு பெயர் சொல்லிவிடுவார்கள் என்று நினைத்தேன். அவர் கேள்வியாகத்தான் கேட்டார். குடி முதலில் வந்ததா, குரல் முதலில் வந்ததா? தலையில் அடிபட்டதுண்டா, வலிப்பு உண்டா? காலையில் எழுந்ததும் குடிக்காமல் இருக்க முடியுமா, வரவர அளவு கூடியதா? இரத்தமும் எடுத்தார்கள், வேறு உடம்புக் கோளாறு எதுவும் இல்லை என்று தெரிந்துகொள்ள. கடைசியில் என்னைப் பார்த்து, “குடிக்காத நாள்ல எப்படி இருப்பாரு?” என்றார்.

“மாலை போட்ட நாள்ல மட்டுந்தாங்க குடிக்க மாட்டாரு. அப்ப சாமியா இருப்பாருங்க.”

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். “சாமின்னா? என்ன பண்ணுவாரு, ஒவ்வொண்ணா சொல்லுங்க” என்றார். கிணற்றுக் கதையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் அவசரப்பட்டுப் பெயர் வைக்கவில்லை. பலமுறை வரச் சொன்னார். பிறகு எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். குடியாலும், குடியைத் திடீரென்று நிறுத்துவதாலும்கூடக் குரல் கேட்கும். ஆனால் அது சில நாளில், மிஞ்சினால் சில வாரத்தில் போய்விடும். குடி உடம்பை விட்டுப் போன பிறகும் குரல் நிற்கிறது, வருஷா வருஷம் வருகிறது, வேலையையும் குடும்பத்தையும் கெடுக்கிறது என்றால் அது தனி நோய். மனச்சிதைவு என்றார். நீ ஆலையில் சேர்வதற்கு முன்பே குரல் கேட்டிருக்கிறது. குடித்தால் சத்தம் குறைந்தது என்று குடித்திருக்கிறாய். அப்புறம் குடியும் தன் பங்குக்கு உன்னைப் பிடித்துக்கொண்டது. எங்களுக்கு எல்லாமே தலைகீழாகத் தெரிந்திருக்கிறது.

“அப்ப நான் வெறும் குடிகாரன் இல்லீங்களா டாக்டர்?” என்று கேட்டாய்.

“குடி நோயும் இருக்கு, இதுவும் இருக்கு. ரெண்டுக்கும் தனித்தனியா மருந்து இருக்கு” என்றார். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நீ அழுதாய். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

மாத்திரை பிடிக்கக் கொஞ்ச காலம் ஆனது. ஒருநாள் போன் பண்ணி, “பாப்பா, சத்தமே இல்ல. வூடு காலியான மாதிரி இருக்கு” என்றாய். உன் குரலில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. ஆனால் கல்லீரல் எப்போதோ கெட்டுப்போயிருந்தது. சரியான பெயர் கிடைத்து நீ வாழ்ந்த காலம் கொஞ்சம்தான். அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

இப்போது ஏன் இதையெல்லாம் கிளறுகிறேன் என்றால், போன வாரம் உன் மகள் கயலைப் பெண் பார்க்க மீன்சுருட்டியிலிருந்து வந்தார்கள். அண்ணியின் அண்ணன் முதல் நாளே வந்து எங்களுக்குப் பாடம் எடுத்தார். “அப்பா எப்படி செத்தாருன்னு கேட்டா குடின்னு சொல்லுங்க. குடிகாரன் பொண்ண கட்டிப்பாங்க. பைத்தியம்னு தெரிஞ்சா எவன் கட்டுவான்?” அவர் சொன்னது பொய்யில்லை, ஊர் அப்படித்தான் இருக்கிறது. இருந்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீ பட்டு அழுந்தி வாங்கிய பெயரைப் பிடுங்கிக்கொண்டு, பழைய பெயரையே மறுபடி உன் தலையில் கட்டுகிறார்களே என்று. அண்ணி கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். பெண்ணின் வாழ்க்கை என்பதால் வாயை மூடிக்கொள்கிறேன் என்று சொன்னேன்.

கயல் என்னிடம் முன்பே ஒருமுறை, “எனக்கும் வருமா அத்தை?” என்று கேட்டிருக்கிறாள். டாக்டரம்மாவிடமே கூட்டிப் போனேன். மற்றவர்களைவிட வாய்ப்பு கொஞ்சம் அதிகம், வந்தே தீரும் என்று இல்லை, வந்தால் ஆரம்பத்திலேயே பார்த்துவிட வேண்டும் என்று அவர் சொன்னதை அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா, அப்பா எப்படிச் செத்தார் என்ற அந்தக் கேள்வியைக் கேட்டார். அண்ணியின் அண்ணன் வாயைத் திறப்பதற்குள் கயல் காபித் தட்டைக் கீழே வைத்தாள். “அப்பாவுக்கு மனநோய் இருந்துச்சுங்க. குடி அதுகூட சேந்துக்கிச்சு. நாளைக்கு நான் தூங்காம தனியா பேசிக்கிட்டு இருந்தா, கோயிலுக்கு முன்னாடி பெரம்பலூர் ஆஸ்பத்திரி டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போவணும். அதுக்குத்தான் சொல்றேன்” என்றாள். அண்ணே, நீ இருந்து கேட்டிருக்க வேண்டும்.

கலந்து பேசிச் சொல்லி அனுப்புகிறோம் என்று மாப்பிள்ளை வீட்டார் எழுந்தார்கள். நான்தான் தூண்டிவிட்டேன் என்று அண்ணி அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. இன்றுவரை பதிலும் வரவில்லை.

ஆனால் செருப்பு மாட்டும்போது மாப்பிள்ளையின் அம்மா மற்றவர்களை முன்னால் போகவிட்டு என் பக்கத்தில் வந்தார். “அந்த டாக்டரம்மா எந்தக் கிழமையில பாக்குறாங்க?” என்று மெதுவாகக் கேட்டார். சொன்னேன். யாருக்கு என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவர் கை என் முழங்கையை விடாமல் பிடித்திருந்தது.

அந்தப் பிடி இன்னும் கையிலேயே இருக்கிறது. மாப்பிள்ளைக்கோ, வேறு யாருக்கோ, அந்த வீட்டிலும் ஒருவர் பெயர் தெரியாமல் தவித்துக்கொண்டிருக்கிறார். கல்யாணம் நடக்கட்டும், நடக்காமல் போகட்டும். நாளைக் காலை பஸ்ஸில் மீன்சுருட்டிக்குப் போகிறேன் அண்ணே. யாருக்கு என்று கேட்பேன். கூட்டிவர ஆள் இல்லையென்றால் நானே கூட்டி வருவேன்.

உன்
பாப்பா